அதே வாசல், அதே காவலாளி

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை ஐந்தாறு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

வயது முப்பத்தொன்று. ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊர். பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. நான் தன்பாலீர்ப்பு உடையவன். இது தெரிந்தவர்கள் நான்கு பேர், உங்களோடு ஐந்து.

எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். போன வருடம்தான் அவருக்குத் திருமணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இந்த ஆண்டு விழாவுக்கு அவர் கறுப்புப் பாவாடையும் மேலே கோட்டும் அணிந்து, கண்ணுக்கு மை தீட்டி, நகங்களுக்கு நீலப் பூச்சு பூசி வந்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மனிதவளப் பிரிவு அந்தப் படத்தைத் 'துணிச்சல்' என்று தலைப்பிட்டு நிறுவனத்தின் பக்கத்தில் போட்டது. வாசலில் நிற்கும் காவலாளி அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

அதே காவலாளி, அதற்கு இரண்டு மாதம் முன்பு, நேர்காணலுக்கு வந்த ஒரு திருநங்கையை முக்கால் மணி நேரம் வெளியே நிற்க வைத்திருந்தார். அந்தப் பெண்ணின் கையில் அழைப்புக் கடிதம் இருந்தது. நான் டீ குடிக்கப் போகும்போதும் நின்றார், திரும்பி வரும்போதும் நின்றார், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி. நான் ஒன்றும் பேசவில்லை. அவர் பிறகு வேலைக்குச் சேரவும் இல்லை.

ஏழாம் வகுப்பில் அக்காவோடு சேர்ந்து மருதாணி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் ஒருவர் விரல்களை மேசைமேல் வைக்கச் சொல்லி, ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து அடித்தார். போன மதிப்பீட்டுக் கூட்டத்தில் என் மேலாளர், "வேலையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் முன்னால் கொஞ்சம் கம்பீரம் வேண்டும்" என்றார்.

எங்களுக்கு அடி வாங்கித் தந்த பொருள்களே அவர்களுக்குக் கைதட்டல் வாங்கித் தருகின்றன. இதைத் திருட்டு என்று சொல்லலாமா? அல்லது எனக்குப் பொறாமையா? அடுத்த மாதம், தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோருக்கான 'பிரைட்' நாளுக்கு அவர் தலைமையில் அலுவலக ஊர்வலம். என்னையும் 'ஆதரவாளர்' என்று எழுதிய பட்டையை அணிந்து நடக்கச் சொல்கிறார்கள்.

பெயர் வேண்டாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பொறாமைதான். இருக்கட்டும். மருதாணி விரலில் அடி வாங்கியவருக்கு நீல நகப்பூச்சைக் கண்டதும் பொறாமை வராவிட்டால்தான் ஆச்சரியம். திருட்டு என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பறிகொடுத்தவருக்கு அந்தப் பொருள் சொந்தமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? மையும் மருதாணியும் பாவாடையும் யாருக்குச் சொந்தம்?

என் பீரோவில் ஒரு ஜோடிச் சிவப்புக்கல் கடுக்கன் இருக்கிறது. தாத்தாவுடையது. அவர் குடுமி வைத்து, கடுக்கன் போட்டு, கையில் வெள்ளிக் காப்போடு வயலுக்குப் போனவர். 'பெண்பிள்ளை மாதிரி' என்று யாராவது சொல்லியிருந்தால் அரிவாளைத் தேடியிருப்பார். அப்பா கிராப்பு வெட்டிக்கொண்டு சர்க்கார் வேலைக்குப் போனார். கடுக்கனைக் கழற்றினார், காது தூர்ந்துபோயிற்று. இதே கடுக்கனை என் தங்கை மகன் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போனபோது அப்பா அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. "என்னடா இது, பொம்பளை மாதிரி?" என்றார். சொன்னவர் காதிலும் தூர்ந்த துளையின் தழும்பு இருந்தது. நாம் ஆண்பிள்ளைகளுக்கும் மொட்டை போட்டு, மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறவர்கள். பிறகு அந்தத் துளையைத் தூரவிட்டுவிட்டு ஆண்மை என்கிறோம். நாலு முழத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு உலவும் ஊரில் பாவாடையைப் பார்த்துத் திகைப்பதும் வேடிக்கைதான்.

1980களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆண்களின் காதுக்கு ஒரு எழுதாத விதி இருந்தது. இடது காதில் தோடு என்றால் சரி, வலது காதில் என்றால் 'அந்த மாதிரி ஆள்'. எதிர்பாலீர்ப்பு ஆண்கள் மிகக் கவனமாக இடது காதை மட்டும் குத்திக்கொண்டார்கள். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் வளையமும் இடது காதில்தான் இருந்தது. பிறகு பாடகர்களும் விளையாட்டுக்காரர்களும் இரண்டு காதிலும் போட்டுக்கொள்ள, விதி செத்துப்போனது. அதனால் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு ஒன்று கிடைத்தது, ஒன்று போயிற்று. வலது காதுத் தோட்டுக்காக அடி வாங்கும் பயம் குறைந்தது. கூட்டத்தில் தன்னைப் போன்ற இன்னொருவனை அடையாளம் காணும் ஒரு குறி போயிற்று. நஷ்டத்தைச் சிறிது என்று சொல்லமாட்டேன். ஆனால் அடி குறைவதா, குறி நிலைப்பதா என்று என்னைக் கேட்டால் நான் முன்னதைத்தான் எடுத்துக்கொள்வேன். உங்கள் நண்பரின் நீல நகமும் இப்படி நாலு பேர், நாற்பது பேர் என்று பரவினால், ஏழாம் வகுப்பில் இன்னொரு பையனின் விரல் தப்பும் என்று நம்ப எனக்கு ஆசை.

ஆசைதான். அது தானாக நடந்துவிடுவதில்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

இந்தக் கோபத்தைப் பொதுவெளியில் கொட்டியவர் பில்லி போர்ட்டர். அமெரிக்க நடிகர், கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பை மறைக்காதவர். 2019 ஆஸ்கர் விழாவுக்கு மேலே டக்ஸீடோ, கீழே தரையைப் பெருக்கும் கறுப்பு வெல்வெட் கவுன் என்று வந்து நின்றார். அடுத்த ஆண்டு டிசம்பர் இதழுக்கு அமெரிக்க 'வோக்' ஃபேஷன் பத்திரிகை ஒரு ஆணைத் தனியாக அட்டையில் போட்டது. அதன் வரலாற்றில் அதுவே முதல் முறை. அந்த ஆண் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ், உடுத்தியிருந்தது 'கூச்சி' (Gucci) நிறுவனத்தின் வெளிர்நீல லேஸ் கவுன். அமெரிக்க வலதுசாரிகள் ஆண்மை போயிற்று என்று ஒப்பாரி வைத்தார்கள். போர்ட்டருக்கு வேறு எரிச்சல். இந்தப் பேச்சைத் தொடங்கியவன் நான், இது எனக்கு வாழ்க்கை, அவருக்கோ வெள்ளையராகவும் எதிர்பாலீர்ப்பாளராகவும் இருந்தாலே போதும் என்ற பொருளில் 2021இல் ஒரு பேட்டியில் சொன்னார். சில வாரங்களில் தொலைக்காட்சியில் ஸ்டைல்ஸிடம் மன்னிப்பும் கேட்டார். பிரச்சினை அந்தத் தனி ஆளைப் பற்றியது இல்லை என்றார்.

இரண்டையுமே நான் மதிக்கிறேன். முதலில் சொன்னதில் ஒரு பிழை, ஸ்டைல்ஸ் தன் ஈர்ப்பு எதுவென்று பொதுவில் அறிவித்ததே இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அட்டைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும் மேசையில், எந்த உடம்பு அந்தக் கவுனுக்குள் இருந்தால் வாசகர் பயப்படமாட்டார் என்ற கணக்கும் நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உங்கள் மனிதவளப் பிரிவு 'துணிச்சல்' என்று எழுதியதும் அதே கணக்கில்தான். கல்யாணச் சாப்பாடு போட்டவர் என்பதால் கைதட்டினார்கள். அவர் நாளைக் காலை பாவாடையைக் கழற்றிவிட்டுப் பேன்ட் போட்டுக்கொண்டு வருவார் என்று அந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் இது புதிதும் அல்ல. நாடகத்தில் பெண்வேடம் கட்டிய ஸ்திரீபார்ட்டுக்கு இரவு முழுக்கக் கைதட்டிய ஜனம், விடிந்ததும் டீக்கடையில் அதே நடிகரின் நடையைக் கேலி செய்திருக்கிறது.

கழற்றி வைக்க முடியும் என்பது எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியை நினைத்துக்கொள்கிறேன். 1971இல் ஆல்பம் அட்டைக்குக் கவுனில் சாய்ந்து கிடந்தவர், 1972 ஜனவரியில் தான் 'கே' என்று பத்திரிகையில் சொன்னார். இங்கிலாந்தில் தன்பாலுறவு குற்றப்பட்டியலிலிருந்து ஓரளவு நீங்கி அப்போது ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. தனியறையில் கிடந்த எத்தனையோ பையன்களுக்கு அது முதல் மூச்சு. 1983இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் அதெல்லாம் தவறு என்றார். எய்ட்ஸ் நோய் அதே பையன்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்த நேரம். முதலில் சொன்னதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஒரு கதவு இருந்தது, திறந்துகொண்டு போனார்.

கதவு இல்லாதவர்களுக்கு உடையே சாட்சியம். பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவில் கொண்டுவந்த 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் பாருங்கள். அரசு 'அலிகள்' என்று பதிவேட்டில் எழுதியவர்கள் பெண்ணுடையிலோ பெண்களின் அணிகளோடோ தெருவில் தென்பட்டால் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், இரண்டு ஆண்டுவரை சிறையில் போடலாம். வேறு குற்றம் ஏதும் செய்திருக்க வேண்டியதில்லை. பழங்கதை என்று நினைத்தால், 2023 மார்ச்சில் அமெரிக்காவின் டென்னஸி மாநில ஆளுநர் பில் லீ பெண்வேட நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குச் சில நாள் முன்பு, அவர் படித்த பள்ளியின் 1977 ஆண்டு மலரிலிருந்து ஒரு படம் வெளியே வந்தது. குட்டைப் பாவாடை, முத்துமாலை, தலையில் விக்; அது அவர்தான் என்றார்கள். நிருபர் கேட்டபோது அபத்தமான கேள்வி என்று சீறினார். அவருடைய அலுவலகம் அதைப் பள்ளிக்கூடத்து வேடிக்கை மரபு என்ற விதத்தில் விளக்கியது. வேடிக்கை என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அதே பாவாடை, 'அவன் அப்படிப்பட்டவன் அல்ல' என்ற உறுதி இருந்தால் வேடிக்கை. இல்லாவிட்டால் சட்டம் வேண்டும். உங்கள் அலுவலகக் காவலாளி தன் போக்கில் டென்னஸி ஆளுநரைப் போலத்தான் நடந்துகொண்டிருக்கிறார். அவரை நான் கடிந்துகொள்ள விரும்பவில்லை. யாரை உள்ளே விடலாம் என்று அவருக்கு மேலே இருப்பவர்கள் முகத்தாலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இனி, எனக்குப் பிடித்த ஆளைப் பற்றிச் சொல்கிறேன். போர்ட்டோ ரிக்கோவின் பாடகர் பேட் பன்னி. அவருடைய பாட்டுகளில் பெண்களைப் பற்றி வருகிற வரிகளுக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கத் தயாரில்லை. ஆனால் நகப்பூச்சு விஷயத்தில் அவரும் சிறு அடி வாங்கியவர்: 2018இல் ஸ்பெயினில் ஒரு அழகு நிலையம், ஆண் என்பதால் நகம் செய்துவிட முடியாது என்று திருப்பி அனுப்பியது. தான் எதிர்பாலீர்ப்பு உடையவன்தான், இருபது வருடம் கழித்து எப்படியோ, யாருக்குத் தெரியும் என்று பேட்டியில் சொன்னவர்.

2020 பிப்ரவரி 24 அன்று போர்ட்டோ ரிக்கோவின் தோவா பாஹாவில் அலெக்ஸா என்ற திருநங்கை சுட்டுக் கொல்லப்பட்டார். வீடில்லாதவர். முதல் நாள், ஓர் உணவகத்தின் பெண்கள் கழிப்பறைக்குப் போனார் என்று யாரோ புகார் செய்து போலீஸ் வந்தது. அவருடைய படங்கள் சமூக ஊடகங்களில் சுற்றின. முதுகுக்குப் பின்னால் யாரேனும் வருகிறார்களா என்று பார்க்க அவர் ஒரு கண்ணாடியைக் கையில் வைத்திருப்பார் என்று செய்திகளில் படித்தேன். அந்தக் கண்ணாடியை என்னால் மறக்க முடியவில்லை. இறந்த பிறகு ஊடகங்கள் சில, 'பாவாடை கட்டிய ஆண்' கொல்லப்பட்டதாக எழுதின.

மூன்றே நாளில், பிப்ரவரி 27 அன்று, பேட் பன்னி அமெரிக்காவின் பெரிய இரவு நிகழ்ச்சி ஒன்றில் பாட வந்தார். இளஞ்சிவப்புக் கோட்டு, கறுப்புப் பாவாடை. கோட்டைத் திறந்தபோது உள்ளே சட்டையில் ஸ்பானிஷில் எழுதியிருந்தது: 'அவர்கள் கொன்றது அலெக்ஸாவை, பாவாடை கட்டிய ஓர் ஆணை அல்ல.'

யார் உடம்பில் அந்த வாசகம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அன்றிரவு அந்த மேடையில் பாவாடை கட்டிய ஆண் அவர்தான். நான் ஆண், எனக்கு இது உடை. அவர் பெண், அவரை என்னோடு சேர்த்து எண்ணாதீர்கள் என்று அந்த ஒரு வரியில் கோடு கிழித்துவிட்டார். தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை, தன்னைப் போல உடுத்தியும் தன்னைப் போலப் பாதுகாப்பு இல்லாத ஒருவரின் பெயர்மேல் திருப்பினார். அதனால் அலெக்ஸா திரும்பி வரவில்லை. ஆனால் செத்த பிறகும் தவறான பாலில் அழைக்கப்பட்ட ஒருத்தியின் பெயர் எத்தனையோ வீடுகளின் கூடத்தில் சரியாகத் தெரிந்தது.

ஆகவே, ஓர் எதிர்பாலீர்ப்பு ஆண் பாவாடை அணிந்தால் பால்புதுமையினருக்கு, அதாவது தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் போன்றோருக்கு, நல்லதா கெட்டதா என்று கேட்டால் பாவாடையில் பதில் கிடைக்காது. அடி விழுகிற இடத்தில் அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு பக்கம் வழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். 'நீ யார் என்று சொல்லிவிட்டு உடுத்து' என்று ஒரு கூட்டம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பால்புதுமையினர் போலத் தோற்றம் காட்டி ரசிகர்களைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தொலைக்காட்சித் தொடரில் இருபாலீர்ப்புள்ள பையனாக நடித்த கிட் கானர் என்ற பிரிட்டிஷ் இளைஞர் மீதும் இதைச் சொன்னார்கள். 2022 அக்டோபர் கடைசி நாளில் அவர் ட்விட்டரில் இரண்டு மூன்று வரி எழுதினார்: தான் இருபாலீர்ப்பு உடையவன், பதினெட்டு வயதுக்காரனை வலுக்கட்டாயமாக வெளியே இழுத்ததற்கு வாழ்த்துகள் என்று. இழுத்தவர்கள் பகைவர்கள் அல்லர். அவரை நேசிப்பதாகச் சொன்னவர்கள்.

உங்கள் நண்பர் எதிர்பாலீர்ப்பு உடையவர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மனைவி இருக்கிறார் என்கிறீர்கள். இருபாலீர்ப்பு உடையவருக்கும் மனைவி இருக்கலாம். வீட்டு நிர்ப்பந்தத்தில் தாலி கட்டிய தன்பாலீர்ப்பு ஆண்கள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் அலுவலகத்தில் உங்களையும் 'ஆதரவாளர்' என்றுதானே நினைத்துப் பட்டை தைத்து வைத்திருக்கிறார்கள்? இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அவர் ஒன்றாகவும் இருக்கலாம், மற்றொன்றாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கும் இல்லை எனக்கும் இல்லை.

அதனால்தான் அவருடைய அந்தரங்கத்தை விட்டுவிட்டு வாசலுக்கு வாருங்கள் என்கிறேன். கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்த முக்கால் மணி நேரம்தான். நீங்கள் இரண்டு முறை கடந்து போயிருக்கிறீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்காக வாயைத் திறந்தால் 'இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?' என்று கேட்பார்கள் என்ற பயம், ஸ்கேல் அடி வாங்கிய நாளிலிருந்து உங்களோடு வளர்ந்தது. நானாக இருந்தாலும் டீக்கடைக்குத்தான் நடந்திருப்பேன். எனக்கு அந்தப் பயம்கூடக் காரணமாக இருந்திருக்காது. ஆனால் உங்கள் நண்பருக்கு அந்தப் பயம் இல்லை. இன்றைக்கு அந்த அலுவலகத்தில் இந்த விஷயத்தைப் பேசினால் கைதட்டல் வாங்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

அவரிடம் போய்ச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டாம். இன்ன நாளில், இன்னார் வாசலில் இவ்வளவு நேரம் நின்றார், இதே காவலாளி, என்று மட்டும் சொன்னால் போதும். திருநர் உரிமைப் பாதுகாப்புக்கென 2019இல் இயற்றப்பட்ட சட்டம் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. நிறுவனத்தில் புகார் கேட்க ஓர் அலுவலரை வைக்கவும் சொல்கிறது. உங்கள் நிறுவனத்தில் அவர் யார் என்று, துணிச்சலுக்குப் பேர் வாங்கியவர் ஊர்வலத்துக்கு முன் ஒரு மின்னஞ்சலில் கேட்கட்டும். அடுத்த முறை ஒருவர் ஃபைலோடு வந்தால் வாசலில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் காவலாளிக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லட்டும். 'கம்பீரம்' விவகாரத்தையும் இதோடு முடிச்சுப் போட வேண்டாம். அது உங்கள் மேல் திரும்பும். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

அவர் அந்த மின்னஞ்சலை எழுதினால் நீல நகத்தோடு எத்தனை விழாவுக்கு வேண்டுமானாலும் வரட்டும், நானே வந்து கைதட்டுகிறேன். எழுதத் தயங்கினால் அவரை வெறுக்க வேண்டியதில்லை. நல்ல உடை ரசனை உள்ள சக ஊழியர், அவ்வளவே.

ஊர்வலத்துக்குப் போக மனமில்லையென்றால் அன்று விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம், நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் பேசினால் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். முடிந்தால் இன்னொன்றும் விசாரியுங்கள்: அந்தப் பெண்ணின் அழைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது யார், அந்த முக்கால் மணி நேரம் அவர் எந்த மாடியில் இருந்தார்?

அன்புடன்